வேதம் சொல்லாத வேதத் திருவிழா

யூதர்கள் தங்கள் வேதமான தோராவைக் கொண்டாடவென்றே ஒரு நாளை வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் சிம்ஹத் தோரா, அதாவது ‘தோராவின் மகிழ்ச்சி’. ஜெப ஆலயத்துப் பேழையிலிருந்து எல்லாத் தோல் சுருள்களையும் வெளியே எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, நள்ளிரவு தாண்டியும் பாடி ஆடுகிற நாள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுருள்களில் எந்த மூலையில் தேடினாலும் இப்படியொரு திருநாள் கிடைக்காது. பஸ்கா இருக்கிறது, பாவ நிவாரண நாளான யோம் கிப்பூர் இருக்கிறது, கூடாரப் பண்டிகையான சுக்கோத் இருக்கிறது. வேதத்துக்கான விழா மட்டும் வேதத்தில் இல்லை. பிற்காலத்துப் பெருநூலான தல்மூதுகூட இந்தப் பெயரைச் சொல்வதில்லை. எந்தத் தீர்க்கதரிசியும் கட்டளையிடாமல், எந்தச் சபையும் கூடித் தீர்மானிக்காமல், வாசகர்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட விழா இது. நாள்காட்டியில் விழுந்த ஓர் இடைவெளிதான் அதற்கு இடம் கொடுத்தது.

யூத மாதங்கள் பிறையை வைத்துப் பிறப்பவை. பழைய காலத்தில் பிறையைக் கண்ட சாட்சிகளை எருசலேமில் விசாரித்துத்தான் மாதப் பிறப்பை அறிவிப்பார்கள். அந்தச் செய்தியைத் தூதுவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள். பாபிலோன் போன்ற தொலைதூரத்துச் சமூகங்களுக்குச் செய்தி பல சமயம் பண்டிகை முடிந்த பிறகே வந்து சேரும். எது சரியான நாள் என்று தெரியாததால் அவர்கள் ஒவ்வொரு பண்டிகை நாளையும் இரண்டு நாளாக அனுசரித்தார்கள். பின்னால் கணக்குப்படி நாள்காட்டி நிலைபெற்றுச் சந்தேகம் நீங்கியது. ஆனாலும் முன்னோர் வழக்கம் என்பதால் இரண்டாம் நாள் அப்படியே தங்கிவிட்டது.

சுக்கோத் ஏழு நாள், திஷ்ரி மாதம் 15 முதல் 21 வரை. அதற்கு அடுத்த 22ஆம் தேதி எட்டாம் நாள் திருநாளான ஷெமினி அட்செரெத். இதற்கு வேதக் கட்டளை உண்டு. ஆனால் சுக்கோத்துக்குப் பந்தலும் பேரீச்சங்குருத்தும் இருப்பதுபோல இதற்கென்று தனிச் சடங்கு எதுவும் கிடையாது. இப்படி வெறுமையாக இருந்த ஒரு நாளுக்கு, தூரதேசத்தில் இரண்டாவது பிரதியாக 23ஆம் தேதியும் சேர்ந்துகொண்டது. சிம்ஹத் தோரா வந்து குடியேறியது அந்தப் பிரதி நாளில்தான். இஸ்ரேல் மண்ணில் இருப்பவர்களுக்கு இரண்டாம் நாள் கிடையாது என்பதால் அங்கே இரண்டும் 22ஆம் தேதியிலேயே ஒன்றாகிவிடுகின்றன. இந்த ஒரு நாள் வித்தியாசம் இன்றுவரை நீடிக்கிறது. அண்மை வரலாற்றில் அது எதிர்பாராத விதத்தில் கனத்துப்போனதைப் பின்னால் பார்ப்போம்.

தல்மூதின் மெகில்லா பகுதி, எட்டாம் நாளின் இரண்டாவது பிரதியில் தோராவின் கடைசி நூலான உபாகமத்தின் கடைசிப் பகுதியை வாசிக்கச் சொல்கிறது. மோசே இறப்பதற்குமுன் பன்னிரண்டு கோத்திரங்களையும் ஆசீர்வதிக்கிற பகுதி அது. தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரம் ஒன்றாக வாசித்து ஓராண்டில் முடிப்பது பாபிலோனிய யூதர்களின் முறை. அந்த ஓராண்டுச் சுற்று இங்கே வந்து முடிந்தது.

இஸ்ரேல் மண்ணில் இருந்த யூதர்களின் முறை வேறு. அவர்கள் சிறுசிறு துண்டுகளாக வாசித்தார்கள். முடிக்க மூன்று ஆண்டோ, அதற்குச் சற்று மேலோ ஆகும். ஒரே வாரத்தில் ஓர் ஊர் ஓரிடத்தில் நிற்கும், பக்கத்து ஊர் வேறோர் இடத்தில் நிற்கும். முடிவு நாள் ஊருக்கு ஊர் மாறும்போது எல்லோருக்கும் பொதுவான ஆண்டு விழா எப்படி வரும்? பாபிலோனிய முறை வென்றதனால்தான் இந்த விழா பிழைத்தது என்று சொல்வேன்.

இரண்டு முறைகளும் ஒரே ஊரில் அக்கம்பக்கமாக இருந்ததற்குச் சாட்சியம் இருக்கிறது. ஸ்பெயினின் துதேலா நகரத்து பெஞ்சமின் என்ற யூதப் பயணி 1170 வாக்கில் எகிப்துக்குப் போனார். இன்றைய கெய்ரோவின் பழைய பகுதியில் இரண்டு ஜெப ஆலயங்கள் இருந்தன. ஒன்று பாபிலோனியர்களுடையது, ஆண்டுக்கொரு முறை முடிப்பவர்கள். மற்றது இஸ்ரேல் மண்ணின் வழக்கத்தைப் பின்பற்றியவர்களுடையது, மூன்றாண்டில் முடிப்பவர்கள். தோரா அருளப்பட்ட நாளிலும் தோராவின் மகிழ்ச்சி நாளிலும் இரு சாராரும் ஒன்றுகூடி வழிபடுவது அங்கே நிலைத்த வழக்கம் என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். மூன்றாண்டுக்காரர்கள் தாங்கள் பாதியில் நிற்கும்போதே, அண்டை வீட்டார் முடித்ததற்காகச் சேர்ந்து மகிழ்ந்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் குறிப்பு மிகவும் பிடிக்கும்.

விழாவுக்கு இந்தப் பெயர் நிலைத்தது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். முடித்த கையோடு தோராவின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்குவது அதற்கும் பிறகு சேர்ந்தது. அதற்கு இடைக்கால நூல்கள் சொல்லும் காரணம் சுவையானது. “பாருங்கள், முடித்துவிட்டார்கள், இனி இவர்கள் இதைத் தொடப்போவதில்லை” என்று சாத்தான் கடவுளிடம் போய்க் கோள்மூட்டுவானாம். அவன் வாயைத் திறப்பதற்குள் மறுபடி தொடங்கிவிட வேண்டும்.

கோள்மூட்டல் கதையை விடுங்கள். முடிவுப் பகுதியைப் படித்துப் பார்த்தால் வேறொரு காரணமும் தோன்றும். தோரா சுபமாக முடியும் கதை இல்லை. மோசே மலையேறி வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ணால் பார்க்கிறார், உள்ளே போகாமலே இறக்கிறார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் யாருக்கும் தெரியாது. நாற்பது ஆண்டு நடந்த மக்கள் இன்னும் யோர்தான் ஆற்றுக்கு இந்தப் பக்கமே நிற்கிறார்கள். அந்த இடத்தில் சுருளை மூடிவிட்டு வீட்டுக்குப் போக மனம் வராது. உடனே, வானமும் பூமியும் படைக்கப்படுகிற ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஒலிக்கத் தொடங்குகிறது. தோராவுக்குப் பின் தீர்க்கதரிசி நூல்களிலிருந்து படிக்கும் துணை வாசிப்பிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. தல்மூத் இந்த நாளுக்குக் குறித்தது சாலொமோன் கோயிலில் செய்த வேண்டுதலை. மக்களின் வழக்கமோ அதை ஒதுக்கிவிட்டு, மோசேக்குப் பின் யோசுவா தலைமை ஏற்கும் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டது. கதையை அந்தரத்தில் விட யாருக்கும் விருப்பமில்லை.

தோரா சுருள் என்பது எப்படிப்பட்ட பொருள் என்று தெரிந்தால்தான் அதை வைத்துக்கொண்டு ஆடுவதன் விசேஷம் புரியும். பதப்படுத்திய தோலில், இறகு அல்லது நாணல் பேனாவால், பயிற்சி பெற்ற எழுத்தர் கையால் எழுதியது. மொத்தம் 304,805 எழுத்துகள். எழுதி முடிக்க ஓராண்டோ அதற்கு மேலோ பிடிக்கும். ஓர் எழுத்து விடுபட்டாலோ உடைந்தாலோ, திருத்தும்வரை அதைச் சபையில் வாசிக்கக்கூடாது. உயிர்க்குறிகளோ நிறுத்தக்குறிகளோ இசைக்குறிகளோ கிடையாது. வாசிப்பவர் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தோலை விரலால் தொடுவதில்லை. நுனியில் சிறு கை வடிவம் கொண்ட வெள்ளிக்கோலால் வரியைத் தொடர்வார்கள். பெரிய சுருள் பத்துக் கிலோவைத் தாண்டும். யாராவது அதைத் தவறிக் கீழே போட்டுவிட்டால் நாற்பது நாள் பகல் நோன்பு என்பது பரவலான வழக்கம். பார்த்துக்கொண்டு நின்றவர்களும் நோன்பிருப்பார்கள்.

இவ்வளவு அருமையான பொருளைத்தான் சிம்ஹத் தோரா இரவில் கைமாற்றிக் கைமாற்றி ஆடுகிறார்கள். வாசிப்பு மேடையைச் சுற்றி ஏழு வலம். ஹகாஃபோத் என்பது அவற்றின் பெயர். ஏழு வலம் என்ற அமைப்பு 16ஆம் நூற்றாண்டில், கலிலேயாவின் சஃபேத் நகரத்து மறைஞானியரின் வட்டத்திலிருந்து பரவியது. அதே நூற்றாண்டில் போலந்தின் கிராகோவ் நகரத்து ரப்பி (யூத மதகுரு) மோசஸ் இஸ்ஸெர்லெஸும், சுருள்களோடு மேடையைச் சுற்றுவதைத் தம் ஊர்ப்பக்க வழக்கமாகப் பதிவு செய்கிறார். ஒரு வலம் என்பது பெயரளவுக்குத்தான் ஒன்று. பாட்டு சூடுபிடித்துவிட்டால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று நீளும். குழந்தைகள் அப்பாவின் தோளில் கொடியோடு உட்கார்ந்திருக்கும். கிழக்கு ஐரோப்பாவில் அந்தக் கொடிக்கம்பின் உச்சியில் ஆப்பிளைச் செருகி, ஆப்பிளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

ஆட்டத்துக்கு மதச் சட்டத்தின் அனுமதி எளிதாகக் கிடைத்துவிடவில்லை. பண்டிகை நாளில் கைதட்டுவதையும் ஆடுவதையும் தல்மூதின் அடித்தளமான சட்டத் தொகுப்பு மிஷ்னா தடுக்கிறது. ஆடத் தொடங்கினால் இசைக்கருவி தேடுவான், கருவி பழுதானால் சரிசெய்ய உட்காருவான், அது பண்டிகையில் கூடாத வேலை ஆகிவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சிம்ஹத் தோரா அன்று மட்டும், தோராவின் மரியாதைக்காக, முதியவர்கள்கூட ஆடலாம் என்று 11ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய அறிஞர் ஹாய் காவோன் விலக்கு அளித்ததாகச் சட்ட நூல்கள் மேற்கோள் காட்டுகின்றன. வேதத்தை மதிப்பதற்காக வேத அறிஞர்கள் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள்.

குடியும் உண்டு, அதை யாரும் மறைப்பதில்லை. பண்டிகை நாட்களில் ஆசாரியர் வழிவந்தவர்கள் கைகளை உயர்த்திச் சபையை ஆசீர்வதிப்பது இரண்டாம் தொழுகையில். கிழக்கு ஐரோப்பிய மரபுச் சபைகள் பல, இந்த ஒரு நாளில் மட்டும் அதை முன்னதாகவே, காலைத் தொழுகையிலேயே முடித்துவிடுகின்றன. இரண்டாம் தொழுகை வருவதற்குள் ஆசீர்வதிக்க வேண்டியவர்கள் நிதானத்தில் இருக்கமாட்டார்கள் என்ற முன்யோசனைதான்.

மறுநாள் காலை வாசிப்பில் மூன்று சுருள்கள் வெளியே வரும். முதலாவதில் உபாகமத்தின் முடிவு, இரண்டாவதில் ஆதியாகமத்தின் தொடக்கம், மூன்றாவதில் அன்றைய பலி பற்றிய எண்ணாகமப் பகுதி. ஒரே சுருளைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சுற்றிக்கொண்டுவர சபை காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால்தான் வேறு சுருள். முடிவில் நிற்கும் சுருளைத் தூக்கிச் சபைக்குக் காட்டுகிறவருக்கு அன்று நல்ல உடல்பலம் வேண்டும். எபிரேயம் வலமிருந்து இடம் போவதால், வாசித்து முடித்த தோல் முழுவதும் வலது உருளையில் சேர்ந்து ஒருபக்கமாக இழுக்கும்.

முடிவை வாசிக்க அழைக்கப்படுகிறவர் ‘தோராவின் மணமகன்’, தொடக்கத்துக்கு அழைக்கப்படுகிறவர் ‘ஆதியின் மணமகன்’. இருவரையும் மாப்பிள்ளைகளாகவே நடத்தி, இனிப்புகளை வீசுவார்கள். ஆனால் அன்றைய மரியாதை அவர்களோடு நிற்பதில்லை. சாதாரணப் பண்டிகையில் ஐந்து பேரை அழைத்து வாசிப்பை முடித்துவிடுவார்கள். அன்று ஆசீர்வாதப் பகுதியையே திரும்பத் திரும்ப வாசித்து, சபையிலுள்ள ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைக்கிறார்கள். பதின்மூன்று வயது நிரம்பாத குழந்தைகளுக்கு ஆண்டு முழுவதும் அந்த வாய்ப்பு இல்லை. அன்று எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாக நிறுத்தி, தலைக்குமேல் தொழுகைச் சால்வையைப் பந்தலாக விரித்து, பெரியவர் ஒருவர் அவர்களோடு சேர்ந்து ஆசியைச் சொல்கிறார்.

‘ஒவ்வொருவரும்’ என்று எழுதினேன். மரபுவழிச் சபைகளில் அது ஆண்களைத்தான் குறித்தது. பெண்கள் மாடத்திலிருந்து பார்த்தார்கள். சீர்திருத்தச் சபைகளிலும் கன்சர்வேட்டிவ் சபைகளிலும் பெண்கள் இன்று சுருளோடு ஆடுகிறார்கள், ‘தோராவின் மணமகள்’ என்றே அழைக்கப்படுகிறார்கள். மரபுவழிச் சபைகளிலும் சில, பெண்களுக்கெனத் தனி வட்டத்தையும் தனிச் சுருளையும் ஒதுக்கத் தொடங்கியிருக்கின்றன. இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

வெளியிலிருந்து திடீரென்று வந்து பார்த்தவருக்கு இதெல்லாம் எப்படித் தோன்றும் என்பதற்கு லண்டனில் ஒரு பதிவு உண்டு. கடற்படை அதிகாரியும் நாட்குறிப்பு எழுதியவருமான சாமுவேல் பீப்ஸ், 1663 அக்டோபர் 14 அன்று கிரீச்சர்ச் லேனிலிருந்த ஜெப ஆலயத்துக்குத் தம் மனைவியோடு போனார். இங்கிலாந்தில் யூதர்கள் மறுபடி வெளிப்படையாக வாழத் தொடங்கி அப்போது பத்தாண்டுகூட ஆகவில்லை. சிரிப்பும் விளையாட்டும் கூச்சலுமாக இருந்த கூட்டத்தைப் பார்த்து அவர் அரண்டுபோனார். ஒரு மதம் இவ்வளவு கேலிக்கூத்தாக நடக்கும் என்று நினைத்ததே இல்லை என்ற தொனியில் எழுதி வைத்தார். வருடத்தில் வேறெந்த நாள் போயிருந்தாலும் பீப்ஸ் இதை எழுதியிருக்க மாட்டார்.

நமக்கு அருகில் இந்த விழா வேரூன்றிய இடம் கொச்சி. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் பலரும் பார்த்திருக்கக் கூடியது. நீல வெள்ளைச் சீன ஓடுகள் பதித்த தரையில் செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும். அங்குள்ள சுருள்களுக்குத் துணியுறை கிடையாது. வெள்ளித்தகடு போர்த்திய மரப்பேழைகளில் நின்ற வாக்கில் இருக்கும், மேலே கிரீடம். அந்தக் கிரீடங்களில் தங்கத்தாலான ஒன்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மகாராஜா அளித்தது.

கொச்சி யூதர்களின் சிம்ஹத் தோராவில் வேறெங்கும் சேர்ந்து காணக்கிடைக்காத மூன்று வழக்கங்கள் இருந்தன. நிரந்தரப் பேழைக்கு முன்னால் தற்காலிகப் பேழை ஒன்றை அலங்கரித்து, சுருள்களை அதில் காட்சிக்கு வைப்பார்கள். பிற்பகல் தொழுகையில் சுருள்களைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றி வலம் வருவார்கள். விழா முடிந்ததும் அந்தத் தற்காலிகப் பேழையைச் சடங்காகவே பிரித்துப் போடுவார்கள். அங்கே வழிபாடுகளைக் கவனித்த ஆய்வாளர்கள் நேதன் காட்ஸும் எலன் கோல்ட்பெர்க்கும், கேரளக் கோயில் உற்சவத்தின் சாயலை இதில் கண்டார்கள். மூர்த்தியை வெளியே கொணர்ந்து காட்டுவது, ஊர்வலம், முடிவில் நீராட்டு அல்லது கரைப்பு என்ற அதே வரிசை. சட்டத்தை மீறாமல் அக்கம்பக்கத்தின் விழா மொழியைத் தங்கள் விழாவுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் வாதம். ஊர்வலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. சுருளோடு தெருவில் இறங்கி ஆடுவது உலகின் பல யூதக் குடியிருப்புகளிலும் உண்டு. ஆனால் செய்து வைத்து, காட்டி, கடைசியில் கலைத்துவிடும் அந்தத் தற்காலிகப் பேழைக்கு யூத மரபுக்குள் விளக்கம் தேடுவது சிரமம்தான்.

எல்லோரையும் மேடைக்கு அழைக்கும் விழாவைக் கொண்டாடிய அதே பரதேசி சபை, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் என்று முத்திரை குத்திய சொந்தச் சமூகத்தினரை நெடுங்காலம் தோரா வாசிப்புக்கு அழைக்கவில்லை. உள்ளே சமமாக உட்காரவும் விடவில்லை. அந்தப் பிரிவில் பிறந்து சென்னையில் சட்டம் படித்த ஆபிரகாம் பாரக் சேலம், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் காந்திய வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அதற்குள் சமூகமே கரையத் தொடங்கியிருந்தது. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

புரியாமலே கொண்டாட முடியும் என்பது இந்த விழாவின் தனிக்குணம். வேதம் அருளப்பட்ட நாளான ஷவுவோத் இரவில் விடியவிடிய உட்கார்ந்து படிப்பார்கள். அங்கே படித்தவனுக்குத்தான் மதிப்பு. சிம்ஹத் தோராவின் ஆட்டத்திலோ சுருள் மூடி, உறை போட்டு, கச்சை கட்டி இருக்கிறது. ரப்பியும் எழுத்தறியாதவரும் அதை ஒரே மாதிரிதான் அணைத்துக்கொள்ள முடியும்.

இதன் அரசியல் விளைவு சோவியத் ஒன்றியத்தில் தெரிந்தது. எபிரேயம் கற்பிப்பது நசுக்கப்பட்டிருந்தது. 1960களின் தொடக்கத்தில் பஸ்காவுக்குப் புளிப்பில்லா அப்பம் சுடுவதற்கே தடைகள் வந்தன. ஜெப ஆலயத்துக்குப் போவது வேலைக்கும் படிப்புக்கும் ஆபத்து. அப்படியிருந்தும் மாஸ்கோவின் அர்கிப்போவ் தெருவிலிருந்த பெரிய ஜெப ஆலயத்தின் முன் சிம்ஹத் தோரா இரவில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டு பாடி ஆடினார்கள். பெரும்பாலோருக்கு ஒரு பிரார்த்தனைகூடத் தெரியாது. நாஜி வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய எழுத்தாளர் எலி வீசல் 1965இல் அங்கே போய்ப் பார்த்து எழுதியவை மேற்கு நாடுகளில் பெரிய அதிர்வை உண்டாக்கின. ஏன் இந்த நாளைத் தேர்ந்தார்கள்? யோம் கிப்பூருக்கு நோன்பும் நீண்ட தொழுகையும் வேண்டும். பஸ்காவுக்கு அப்பமும் வீடும் சடங்கறிவும் வேண்டும். இதற்கோ தெருவில் வந்து நின்றால் போதும். உளவுப் போலீசார் கூட்டத்துக்குள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1967இல் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் நடந்த போருக்குப் பின் கூட்டம் இன்னும் பெருகியது. குடிபெயர அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தெருவே ஆண்டுச் சந்திப்பிடம் ஆயிற்று.

2023இல் திஷ்ரி 22, அக்டோபர் 7 சனிக்கிழமையில் வந்தது. இஸ்ரேலில் முந்தைய இரவு ஆடிவிட்டுத் தூங்கியவர்கள் ராக்கெட் எச்சரிக்கைச் சங்கொலியில் எழுந்தார்கள். ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். தொடர்ந்த போரில் காஸாவில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனியர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தச் சனிக்கிழமை இரவுதான் நியூயார்க்கிலும் லண்டனிலும் சிம்ஹத் தோரா தொடங்க வேண்டியிருந்தது. ஒரு நாள் பிந்திய அந்தச் சபைகள், செய்தி தெரிந்த பிறகு, ஆடுவதா வேண்டாமா என்று சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. சிலர் ஆட்டத்தை விட்டு நின்று துதிப்பாடல்களான சங்கீதங்களை ஓதினார்கள், சிலர் அழுதுகொண்டே வலம் வந்தார்கள்.

மதச் சட்டத்தில் இதற்கு ஒரு நிலைப்பாடு உண்டு. பண்டிகை வந்தால் தனிமனிதரின் துக்க அனுசரிப்பு நின்றுவிடும்; பண்டிகைக்குள் அடக்கம் நடந்தால் ஏழு நாள் துக்கம் பண்டிகை முடிந்தே தொடங்கும். ஆனால் எபிரேய நாட்காட்டிப்படி தந்தையின், மகளின் நினைவு நாள் ஆண்டுதோறும் சிம்ஹத் தோரா அன்றே வரப்போகும் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது சட்டம் மட்டும் போதவில்லை. 2024 விழாவுக்கு முன் மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. ஒரு வலத்தை நினைவுக்கு ஒதுக்கலாம், மெதுவான பாட்டோடு நிறுத்தலாம், முழுதாக ஆடுவதுதான் பதில் என்று சபைக்குச் சபை முடிவு வேறுபட்டது.

இஸ்ரேல் அரசு தேசிய நினைவு நாளை விழாவோடு கலக்காமல் இரண்டு நாள் தள்ளி, திஷ்ரி 24 என்று வகுத்தது. 2025 அக்டோபர் 13 அன்று காஸாவில் உயிரோடு எஞ்சியிருந்த கடைசி 20 பணயக்கைதிகள் திரும்பினார்கள். அன்று மாலைதான் இஸ்ரேலில் சிம்ஹத் தோரா தொடங்கியது. 14ஆம் தேதி விழா. 16ஆம் தேதி நினைவு நாள்.